பெரியப்பாவின் ஓட்ஸ்

(குழுவின் பெயர்: அம்மம்மா வீட்டு ஆட்கள்)

சனிக்கிழமை

பெரியம்மா, காலை 6:40: எல்லாருக்கும் காலை வணக்கம். ஒரு கேள்வி. இவருக்குக் கிளினிக்கில் கொலஸ்ரோல் கூட என்று சொல்லி ஓட்ஸ் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பெரிய பைக்கற் வாங்கி வைத்தாயிற்று. கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் கோப்பையைத் தள்ளி வைக்கிறார். சுவரொட்டி ஒட்டுகிற பசையாம், தேர்தல் வந்தால் உதவுமாம். இதை வேறு எப்படிச் செய்யலாம், யாராவது சொல்லுங்கோ.

பெரியப்பா: குதிரைக்குப் போடுவதை மனிசனுக்குப் போடுகிறார்கள். எங்கட குரக்கன் இருக்க இது எதற்கு?

தம்பி (கொழும்பு): நான் தினமும் அதைத்தான் சாப்பிடுகிறேன் பெரியப்பா. சின்னப் பைக்கற், சுடுதண்ணீர் விட்டால் சரி. ஸ்ட்ரோபெரி வாசம் வேறு.

நான்: அது ஓட்ஸ் கலந்த சீனி. பைக்கற்றின் பின்பக்கத்தை ஒருக்கால் வாசித்துப் பார்.

தம்பி: வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது.

அம்மா: அக்கா, இனிப்பாகவா காய்ச்சினீர்கள்? அத்தானுக்கு இனிப்புக் கஞ்சி எந்தக் காலத்தில் பிடித்தது? உப்புக் கஞ்சியாகக் காய்ச்சுங்கோ. உள்ளியும் சின்ன வெங்காயமும் வதக்கி, ஓட்ஸையும் அதோடு போட்டுப் பிரட்டி, பிறகு கொதிதண்ணீர் விடுங்கோ. மிளகு சீரகம் தட்டிப் போட்டு, இறக்குகிற நேரம் ஒரு பிடி முருங்கையிலை. கடைசியில் தேங்காய்ப்பால்.

மெல்பேர்ண் மச்சாள் (சுன்னாகம் மாமியின் மகள்): ஸ்கொட்லாந்திலும் பழைய ஆட்கள் ஓட்ஸ் கஞ்சிக்கு உப்புத்தான் போடுவார்கள் மாமி. சீனி போட்டால் முகம் சுளிப்பார்கள்.

பெரியப்பா: அப்போ நானும் ஸ்கொட்லாந்து ஆள்.

நான்: அம்மா சொன்ன கஞ்சி நல்லது, தேங்காய்ப்பாலைத் தவிர. கொலஸ்ரோலைக் குறைக்கக் கஞ்சி காய்ச்சி, அதற்குள்ளே முதற்பாலை ஊற்றினால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கிற கதைதான். அதில் இருக்கிற கொழுப்பில் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பு, கொலஸ்ரோலைக் கூட்டுகிற வகை.

பெரியம்மா: பால் விடாமல் கஞ்சியா? வாயில் வைக்க முடியுமா?

நான்: வேணுமென்றால் தண்ணிப்பால் கொஞ்சம் விடுங்கோ பெரியம்மா. முருங்கையிலையும் மிளகும் இருந்தால் பால் குறைவது தெரியாது. தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது.

பெரியப்பா: ரீச்சர், குரக்கன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

நான்: வருகிறது. நீங்கள் பசை என்று தள்ளி வைத்தீர்களே பெரியப்பா, காரியமே அந்தப் பசையில்தான் இருக்கிறது. பீற்றா குளுக்கான் என்று பெயர், தண்ணீரில் கரைகிற ஒரு நார். எங்கள் ஈரல் கொலஸ்ரோலை எடுத்துத்தான் பித்தநீர் செய்கிறது. சாப்பாடு செமித்தபிறகு அந்தப் பித்தத்தில் பெரும்பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சி ஈரலுக்கே அனுப்பிவிடும். இந்தப் பசை இடையில் நின்று அதில் ஒரு பங்கைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுகிறது. குறைந்ததை ஈடுகட்ட ஈரல் புதிதாகப் பித்தம் செய்யவேணும், அதற்கு இரத்தத்தில் இருக்கிற கொலஸ்ரோலை இழுக்கும். அவ்வளவுதான் சங்கதி. குரக்கனில் கல்சியம் நிறைய, நாரும் உண்டு, அதை விடச் சொல்லவில்லை. ஆனால் இந்த வகைப் பசை ஓட்ஸிலும் பார்லியிலும்தான் அதிகம். 1997இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓட்ஸ் பைக்கற்றில் இருதயத்துக்கு உதவும் என்று அச்சடிக்க அனுமதி கொடுத்தது. ஒரு நாளைக்கு 3 கிராம் பீற்றா குளுக்கான் என்பது அவர்கள் சொன்ன அளவு. அதற்கு ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸ் சாப்பிடவேணும்.

பெரியம்மா: 75 கிராம் என்றால் எவ்வளவு பிள்ளை? என்னிடம் தராசு இல்லை.

நான்: அளவுக் கோப்பையில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைய. காய்ந்த ஓட்ஸாக அளக்கவேணும். ஒரே நேரத்தில் சாப்பிடத் தேவையில்லை, காலையும் இரவுமாகப் பிரிக்கலாம்.

பெரியப்பா: அப்போ மாத்திரையை நிற்பாட்டலாம்.

நான்: நிற்பாட்டக் கூடாது!! ஓட்ஸால் கொஞ்சம்தான் இறங்கும். மாத்திரை மாத்திரைதான், அதைக் கூட்டுவதும் குறைப்பதும் டொக்டர்.

பெரியப்பா: சும்மா கேட்டேன்.

பெரியம்மா: சும்மா கேட்கவில்லை. நேற்றும் கேட்டார்.

அம்மா: எனக்கும் சீனி வருத்தம் இருக்கிறதே, நானும் சாப்பிடலாமா? நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

நான்: சாப்பிடலாம். ஆனால் ஓட்ஸிலும் இருப்பது பெரும்பாலும் மாச்சத்துத்தான் அம்மா. 40 கிராமில் 25 கிராமுக்குக் குறையாது. இடியப்பத்துக்குப் பதிலாகச் சாப்பிடுங்கோ, இடியப்பமும் சாப்பிட்டுவிட்டு மேலதிகமாக அல்ல. தம்பி சாப்பிடுகிற நொருங்கின வகை வேண்டாம். அது சீக்கிரம் கரைந்து சீனியைக் கெதியாக ஏற்றும். முழுதாகத் தட்டையாக்கின ஓட்ஸ் நல்லது.

மாமி (சுன்னாகம்), காலை 9:15: சந்தைக்குப் போய்விட்டேன், இப்போதுதான் எல்லாம் பார்க்கிறேன். அக்கா, கஞ்சியை விடுங்கோ. புட்டாக அவியுங்கோ. நான் இந்தக் குடும்பத்துக்கு வந்த நாள் தொடங்கி அண்ணை புட்டு வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

மாமி: ஓட்ஸைத் தாச்சியில் எண்ணெய் விடாமல் வறுக்கவேணும். மெல்லிய நெருப்பு, கை விடாமல் பிரட்டுங்கோ. வாசம் எழும்பி ஓரம் இலேசாகச் சிவக்கிற நேரம் இறக்கிச் சுளகில் பரப்புங்கோ. நன்றாக ஆறினபிறகு கிரைண்டரில் போட்டு விட்டு விட்டு அடியுங்கோ. றவைப் பருவத்தில் எடுக்கவேணும். மாவாகப் போனால் பிறகு அது களி.

மாமி: ஒரு கோப்பை ஓட்ஸுக்கு ஒரு கோப்பை வறுத்த சிவப்பரிசி மா. உப்புக் கரைத்த பச்சைத்தண்ணீர்தான். இடியப்ப மாவுக்குக் கொதிதண்ணீர் விடுகிற பழக்கத்தில் இதற்கும் விடாதேயுங்கோ, சூடு பட்டால் இழுபடத் தொடங்கிவிடும். தெளித்துத் தெளித்து விரல் நுனியால் பிரட்டுங்கோ. தண்ணீர் போதாது போலத்தான் இருக்கும். பொறுங்கோ. மூடி வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் ஓட்ஸ் தண்ணீரை உள்ளே இழுத்து மா பதத்துக்கு வந்திருக்கும். கையால் பிடித்தால் பிடிபடவேணும், தட்டினால் உதிரவேணும். கட்டி இருந்தால் பேணி விளிம்பால் கொத்துங்கோ. அதற்குப் பிறகுதான் தேங்காய்ப்பூ, அதுவும் அண்ணைக்குப் பாதி. நீத்துப்பெட்டியில் அவியுங்கோ, குழலில் அடைத்தால் இறுகிவிடும். ஆவி நன்றாக வந்து ஒரு பத்து நிமிடம்.

நான்: மாமி சொன்ன பச்சைத்தண்ணீர் சும்மா இல்லை. அந்தப் பசை சுடுதண்ணீரில்தான் கெதியாகக் கரையும்.

மாமி: எனக்கு இந்தக் குளுக்கான் எல்லாம் தெரியாது பிள்ளை. கை சொன்னது.

பெரியப்பா: சரி. புட்டுக்கு என்ன கறி?

அம்மா: நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது அத்தான். தேரும் தீர்த்தமும் முடியும்வரை மீன், இறைச்சி என்று மச்சக் கதை எடுக்காதேயுங்கோ.

பெரியம்மா: கத்தரிக்காய்க் குழம்பும் சம்பலும்.

தம்பி: கொடி இறங்கினபிறகு, பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற் கூழுக்குள் ஓட்ஸ் போட்டுப் பார்ப்போமா? தடிப்பாக வரும்.

மாமி: தம்பி!

அம்மா: இவன் கொழும்புக்குப் போய்க் கெட்டுப் போனான்.

பெரியப்பா: அவனைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கோ.

பெரியம்மா: ஒடியல் மாவுக்கு இருக்கிற அந்த இலேசான கைப்பு இல்லாவிட்டால் அது கூழா தம்பி?

தம்பி: சரி சரி, வாபஸ்.

மாமி: தோசைக்குப் போடலாம், அது சரிவரும். உழுந்தை மாத்திரம் அரைத்துப் புளிக்க விட்டு, கோதுமை மா சேர்க்கிற இடத்தில் பாதிக்கு ஓட்ஸ் மா போடுங்கோ. ஆனால் சுடுகிற நேரத்தில் கலக்கவேணும். இரவே கலந்து வைத்தால் காலையில் கரண்டியோடு சேர்ந்து எழும்பும். மெல்லிசாக வார்த்தால் ஓரம் மொறுமொறு என்று வரும்.

அம்மா: பாண்?

நான்: பாணுக்கு முழுக்க ஓட்ஸ் சரிவராது. கோதுமையில் இருக்கிற இழுபடும் புரதம் இதில் இல்லை, ஈஸ்ட் ஊதுகிற காற்றைப் பிடித்து வைக்க ஆள் இல்லாமல் செங்கல்லாக வரும். நாலில் ஒரு பங்கு ஓட்ஸ், மிச்சம் கோதுமை மா என்றால் பொங்கும், நல்ல ஈரப்பதமாகவும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

பெரியம்மா, காலை 7:55: (படம்)

பெரியம்மா: பாருங்கோ! உதிரி உதிரியாக வந்திருக்கிறது. முதலில் வாசம் புதிதாக இருந்தது, குழம்பு விட்டபிறகு தெரியவில்லை. இவர் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார்.

மாமி: அண்ணை வாயால் சொல்லட்டும்.

பெரியப்பா: பரவாயில்லை. அடுத்தமுறை அரிசி மா கொஞ்சம் கூட.

நான்: அரிசி மா கூட்டினால் ஓட்ஸ் குறையும் பெரியப்பா. இப்போதே பாதிதான். மிச்சத்தை இரவு முருங்கையிலைக் கஞ்சியில் சரிக்கட்டுங்கோ.

பெரியப்பா: ரீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை.

பெரியம்மா: இன்னொன்று. அந்த இரண்டாவது பைக்கற்றை உடைத்துப் போத்தலில் போடலாமா? போனமுறை வாங்கின றவைக்கு வண்டு வந்துவிட்டது.

நான்: உடைக்காமல் வையுங்கோ. உடைத்ததை இறுக்கமான போத்தலில் போட்டு, இடம் இருந்தால் ஃபிரிட்ஜில். அரிசி கோதுமையை விட ஓட்ஸில் எண்ணெய் கூட. அதனால்தான் ஆலையிலேயே ஆவியில் சூடாக்கித் தட்டையாக்கி அனுப்புகிறார்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் காறிவிடும். அப்படியிருந்தும் எங்கள் வெக்கைக்குத் திறந்தபடி மாதக்கணக்கில் கிடந்தால் பழைய எண்ணெய் மணம் வரும். அந்த மணம் வந்தால் எறிந்துவிடவேணும்.

மெல்பேர்ண் மச்சாள்: மாமி, மிஞ்சுகிற ஓட்ஸில் பிஸ்கற் சுடுங்கோ! இங்கே அன்சாக் பிஸ்கற் என்று ஒன்று இருக்கிறது. 1915 ஏப்ரல் 25 கலிப்போலியில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் இறங்கின நாளை ஒவ்வொரு வருடமும் நினைவுகூருவார்கள், அந்த நேரம் எல்லா வீட்டிலும் சுடுவார்கள். ஓட்ஸ், கோதுமை மா, தேங்காய்ப்பூ, சீனி, பட்டர், பாகு, சோடா. முட்டை இல்லை. அதனால் கனநாள் கெடாமல் இருக்கும்.

அம்மா: முட்டை இல்லையா? அப்போ கொடி நேரத்திலும் சாப்பிடலாம்!

மெல்பேர்ண் மச்சாள்: ஓம் மாமி, அதைத்தான் நினைத்தேன். ஓட்ஸ், மா, காய்ந்த தேங்காய்ப்பூ ஒவ்வொரு கோப்பை. சீனி முக்கால் கோப்பை. பட்டர் 125 கிராமும் இரண்டு மேசைக்கரண்டி பாகும் சேர்த்து உருக்கவேணும். அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவை ஒரு மேசைக்கரண்டி கொதிதண்ணீரில் கரைத்து அதற்குள் ஊற்றினால் நுரைத்து எழும்பும், பெரிய சட்டியாக எடுங்கோ. நுரை அடங்க முதல் மாவோடு குழைத்து, சின்ன உருண்டையாக்கித் தட்டி, இடைவெளி விட்டு அடுக்கி, 160 பாகை சூட்டில் 15 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப உள்ளே வைக்காதேயுங்கோ. ஆறினால் இறுகும்.

மாமி: அந்தப் பாகு இங்கே எங்கே கிடைக்கும் பிள்ளை?

மெல்பேர்ண் மச்சாள்: கோல்டன் சிரப் அம்மா. பெரிய சுப்பர்மார்க்கற்றில் இருக்கலாம்.

மாமி: வேண்டாம், வீட்டில் பனங்கட்டிக் குட்டான் கிடக்கிறது. ஓலையை உரித்துத் தட்டி, கொஞ்சத் தண்ணீரில் பாகாகக் காய்ச்சி, வடித்து விடுகிறேன். அடியில் எப்போதும் கொஞ்சம் மண் நிற்கும். சீனியையும் பாதியாக்கலாம். தேங்காய்ப்பூவைத் தாச்சியில் ஈரம் போக வறுத்தால் சரிதானே?

மெல்பேர்ண் மச்சாள்: அம்மா, அது இங்கத்தையதை விட நன்றாக இருக்கப்போகிறது. எனக்கு இப்போதே வாசம் வருகிறது.

பெரியம்மா: என்னிடம் ஓவன் இல்லையே.

மாமி: அடிகனத்த சட்டியில் மணல் பரப்பி, மூடிச் சூடாக்கி, உள்ளே ஒரு வளையம் வைத்து அதன் மேல் தட்டை வையுங்கோ. 90களில் கரண்ட் இல்லாத காலம் முழுக்க அப்படித்தானே மூடியில் தணல் போட்டுக் கேக் சுட்டோம். ஆனால் ஏன் கஷ்டப்படுகிறீர்கள், நான் இங்கே ஓவனில் சுட்டுக் கொண்டுவருகிறேன்.

பெரியப்பா: எனக்கு எத்தனை?

நான்: பெரியப்பா, 125 கிராம் பட்டர்.

பெரியப்பா: ஓட்ஸ் இருக்கிறதே! பசை, பித்தம், ஈரல் எல்லாம் நீதானே சொன்னாய்.

நான்: ஒரு பிஸ்கற்றில் இருக்கிற ஓட்ஸ் ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேலே. பட்டரும் சீனியும் அதை விடக் கூட. இது பிள்ளைகளுக்குச் சுடுகிற பலகாரம், உங்கள் மருந்து புட்டும் கஞ்சியும்தான். தேத்தண்ணியோடு ஒன்று கடியுங்கோ, யார் வேண்டாம் என்றது.

பெரியப்பா: இரண்டு.

பெரியம்மா: ஒன்று. டப்பா என்னிடம் இருக்கும்.

தம்பி: மாமி, எனக்கு?

மாமி: செவ்வாய் இரவு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், காலையில் வெள்ளவத்தையில் நின்று எடு. போனமுறை பயற்றம் பணியாரம் வந்த டப்பாவும் இன்னும் திரும்பி வரவில்லை, இரண்டையும் சேர்த்து அனுப்பு.