இரவு லைன் போனால் லாக் காணவில்லை, டாஷ்போர்டும் நின்றுவிட்டது. எந்த மென்பொருளை வாங்கலாம்?

பச்சைஇலை (குன்னூர்)

வணக்கம். தலைமை அலுவலகம் குன்னூரில். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி, தேவாலாவில் இன்னொன்று. மொத்தம் 38 விண்டோஸ் கணினி, 3 சர்வர் (டொமைன், கணக்கு, பேக்கப்), இடத்துக்கு ஒன்றாக 3 ஃபயர்வால், 6 ஸ்விட்ச். கணினிப் பிரிவில் ஒரே ஆள்.

லாக் (கருவிகள் தானாக எழுதும் பதிவு) சேகரித்து அலர்ட் தரும் இலவச மென்பொருளான வாஸூ 4-ஐ இரண்டு மாதமாக ஒரே மெஷினில் போட்டுச் சோதிக்கிறோம். 8 ஜிபி ரேம், 120 ஜிபி டிஸ்க். எல்லாவற்றையும் சேர்த்து நொடிக்குச் சராசரி 25 பதிவு வருகிறது. ரா லாக் (வந்த பதிவு அப்படியே) வேண்டும் என்று அதைச் சேமிக்கும் ஆர்க்கைவையும் ஆன் செய்து, அதையும் தேடல் பக்கத்துக்கு அனுப்புகிறோம். சிக்கல்கள்:

போன வாரக் காற்றில் மரம் விழுந்து தேவாலா ஃபைபர் 11 மணி நேரம் அறுந்து கிடந்தது. லைன் திரும்பியபின் அந்த 11 மணி நேரத்து ஃபயர்வால் லாக் ஒன்றுகூட வரவில்லை. கணினிகளில் பாதியின் லாக் வந்தது, மீதி வரவில்லை. எந்தக் கணக்கில் அப்படி ஆனது என்று புரியவில்லை.

நேற்று முதல் டாஷ்போர்டில் புது அலர்ட் எதுவுமே இல்லை. ஏஜென்ட் (ஒவ்வொரு கணினியிலிருந்தும் லாக் அனுப்பும் சின்ன நிரல்) எல்லாம் ஆக்டிவ் என்றுதான் காட்டுகிறது.

கட்டண மென்பொருளுக்கு மாறினால் இதெல்லாம் தீரும் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். கிரேலாக், மேனேஜ்என்ஜின், ஸ்பிளங்க், சென்டினல் எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒரு அட்டவணையும் கொடுத்தார். 60 வரி. படித்துப் பார்த்தும் முடிவெடுக்க முடியவில்லை.

கேத்தி வயர்

முதலில் நின்றுபோன டாஷ்போர்டைப் பாருங்கள், அது அவசரம். டிஸ்க் 95 சதவீதம் தொட்டிருக்கும். அந்த அளவைத் தொட்டதும் இன்டெக்ஸர் (தேடலுக்காக லாக்கைச் சேமிக்கும் பகுதி) எல்லா இன்டெக்ஸையும் (நாள்வாரிச் சேமிப்புத் தொகுப்பு) எழுத முடியாதபடி பூட்டிவிடும். ஏஜென்டுகள் பேசுவது மேனேஜரிடம் (லாக்கை வாங்கி விதிகளோடு ஒப்பிடும் பகுதி), அதனால் அவை ஆக்டிவாகவே தெரியும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 25 பதிவு என்றால் நாளுக்கு 21,60,000. பதிவுக்கு 500 பைட் வைத்தால் ரா லாக் மட்டும் நாளுக்கு ஏறக்குறைய 1.08 ஜிபி. ஆர்க்கைவை இன்டெக்ஸருக்கும் அனுப்புவதால் அதே லாக் இன்னொரு முறை, இன்னும் பெருத்த வடிவில் உட்காருகிறது. 120 ஜிபி இரண்டு மாதம் தாங்கியதே பெரிது.

சரிசெய்ய: டாஷ்போர்டின் இன்டெக்ஸ் மேனேஜ்மென்ட் பக்கத்தில் பழைய ஆர்க்கைவ் இன்டெக்ஸ்களை மட்டும் அழியுங்கள். டெர்மினலில் போய் டேட்டா ஃபோல்டரில் கைவைத்துக் கோப்புகளை அழிக்கவே கூடாது, கிளஸ்டர் கெட்டுவிடும். டிஸ்க் 90-க்குக் கீழே இறங்கியதும் பூட்டு தானாகத் திறக்கும். பிறகு ஃபைல்பீட் (மேனேஜரிலிருந்து இன்டெக்ஸருக்கு அனுப்பும் நிரல்) அமைப்பில் ஆர்க்கைவை ஃபால்ஸ் ஆக்குங்கள். மேனேஜர் பக்கம் ஜேசன் ஆர்க்கைவ் மட்டும் ஆனாக இருக்கட்டும். சாதா ஆர்க்கைவும் ஆனாக இருந்தால் ஒரே லாக்கை இரண்டு முறை எழுதும், அதை ஆஃப் செய்யுங்கள். மேனேஜர் தினமும் கோப்பைச் சுருக்கி, செக்சமும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) போட்டு வைக்கும். இந்த வகை எழுத்து பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் என்று வைத்தால் 180 நாள் ரா லாக் 20 ஜிபி சுற்றளவில் அடங்கும். அந்தச் சுருக்கிய கோப்புகளைத் தினமும் வேறொரு மெஷினுக்கு நகலெடுங்கள்.

நேற்றைய அலர்ட்டுகள் தொலைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மேனேஜரின் அலர்ட் கோப்பில் எல்லாம் இருக்கும், தேடல் பக்கத்துக்குத்தான் வந்து சேரவில்லை.

இன்னொரு பள்ளமும் காத்திருக்கிறது. இயல்பு அமைப்பில் ஒரு நாள் இன்டெக்ஸுக்கு 3 ஷார்ட் (இன்டெக்ஸின் துண்டு). ஆர்க்கைவ் இப்போதுபோல் இன்டெக்ஸருக்குப் போய்க்கொண்டே இருந்தால் அலர்ட்டுக்கு 3, ஆர்க்கைவுக்கு 3, நாளுக்கு 6. ஒரு நோடுக்கு (இன்டெக்ஸர் ஓடும் ஒரு மெஷின்) வரம்பு 1000. கணக்குப் போட்டால் 166 நாளில் நிரம்பி, 180 நாளைத் தொடும் முன்பே இதேபோல ஒரு காலையில் நின்றுபோகும். ஃபைல்பீட் டெம்ப்ளேட்டில் 3-ஐ 1 ஆக மாற்றுங்கள். மாற்றத்துக்குப் பிறகு உருவாகும் இன்டெக்ஸுக்கு மட்டுமே அது செல்லும், எனவே தள்ளிப்போடாதீர்கள். 180 நாள் தாண்டிய இன்டெக்ஸை அழிக்க ஒரு பாலிசியும் போட்டுவிடுங்கள். நாமாகப் போடாதவரை எதுவும் தானாக அழியாது.

எமரால்டு

தேவாலா இடைவெளிக்கு என் பதில். அதில் இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன.

ஃபயர்வால் யுடிபி என்ற நெட்வொர்க் முறையில் (போர்ட் 514) சிஸ்லாக் (லாக் அனுப்பும் பொது வடிவம்) அனுப்புகிறது என்று எடுத்துக்கொள்கிறேன், பெரும்பாலும் இயல்பு அமைப்பு அதுதான். யுடிபிக்கு மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்ற கவலையே கிடையாது. அனுப்பியது அனுப்பியதுதான், திருப்பி அனுப்பாது. சின்ன மாடல் ஃபயர்வால்களில் டிஸ்க் இருக்காது, லாக் மெமரியில்தான் கிடக்கும். மைக்ரோடிக் ரவுட்டரில் இயல்பாக 1000 வரிதான் மெமரியில் நிற்கும். மின்வெட்டில் ரீபூட் ஆனால் அதுவும் போச்சு. ஆகவே அந்த 11 மணி நேரத்து ஃபயர்வால் லாக்கை இனி பெரும்பாலும் மீட்க முடியாது.

கணினிகளின் கதை வேறு. லைன் போனதும் ஏஜென்ட் படிப்பதை நிறுத்திக் காத்திருக்கும், லைன் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரவு முழுக்க ஆனில் இருந்தவை இப்படித்தான் முழு லாக்கையும் கொடுத்திருக்கும். மாலையில் ஆஃப் செய்து காலையில் ஆன் செய்தவை கொடுத்திருக்காது. காரணம், ஏஜென்ட் அமைப்புக் கோப்பின் செக்யூரிட்டி சேனல் பகுதியில் 'ஒன்லி ஃபியூச்சர் ஈவென்ட்ஸ்' இயல்பாக 'யெஸ்'. ஏஜென்ட் தொடங்கிய நேரத்துக்கு முந்தையதை அது எடுக்காது. அதை 'நோ' ஆக்கி ஏஜென்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வராத கணினிகளின் பட்டியலை, அன்று ஆஃப் செய்யப்பட்ட கணினிகளோடு ஒத்துப் பாருங்கள், பொருந்தும்.

அதோடு விண்டோஸ் செக்யூரிட்டி லாக்கின் இயல்பு அளவு 20 எம்பிதான். நிரம்பினால் பழையதன்மேல் எழுதும். குரூப் பாலிசியில் 2,62,144 கேபி, அதாவது 256 எம்பி ஆக்குங்கள்.

ஃபயர்வாலுக்கு வழி: ஃபேக்டரிக்கு ஒரு சின்ன மினி பிசி. 4 ஜிபி ரேமும் 64 ஜிபி எஸ்எஸ்டியும் போதும். ராஸ்பெரி பை போட்டாலும் எஸ்டி கார்டில் ஓட்டாதீர்கள், ஓயாமல் எழுதினால் கார்டு சாகும். அதில் ஆர்சிஸ்லாக் (லாக்கை வாங்கி அனுப்பும் நிரல்). ஃபயர்வாலும் ஸ்விட்சும் அதே கட்டிடத்துக்குள் இதற்கு அனுப்பட்டும், அங்கிருந்து டிசிபி (தொலைந்ததைத் திருப்பி அனுப்பும் நெட்வொர்க் முறை) வழியாகக் குன்னூர் சர்வரில் உள்ள ஆர்சிஸ்லாக்குக்கு. நடுவே டிஸ்க் க்யூ (அனுப்பக் காத்திருக்கும் லாக் வரிசை) 2 ஜிபி, மறுமுயற்சி எண்ணிக்கை மைனஸ் 1. மைனஸ் 1 என்றால் லைன் வரும்வரை விடாமல் முயலும். குன்னூரில் அது கோப்பில் எழுதுவதை வாஸூ படித்துக்கொள்ளும்.

தேவாலாவிலிருந்து நொடிக்கு 8 பதிவு என்றால் 11 மணி நேரத்துக்கு 158 எம்பிதான் தேங்கும், 2 ஜிபி தாராளம். ஆனால் லைன் வந்த நிமிடத்தில் தேங்கியது மொத்தமும் முட்டிக்கொண்டு வரும். 4ஜி பேக்கப்பில் இருந்தால் மற்ற வேலை திணறும், அதுவும் வியாழன், வெள்ளி தேயிலை ஏல நேரமாக இருந்துவிட்டால் பெரிய தொல்லை. க்யூவிலிருந்து வெளியே விடும் வேகத்தைக் குறைக்க ஆர்சிஸ்லாக்கிலேயே அமைப்பு உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

ஃபைபர் பெட்டி, ஃபயர்வால், ஸ்விட்ச், மினி பிசி நான்கும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ஃபயர்வாலை மட்டும் யுபிஎஸ்ஸில் வைத்துவிட்டு ஸ்விட்சை விட்டுவிட்டால் பலனில்லை.

பூம்பாறை (கொடைக்கானல்)

விற்பனையாளரின் 60 வரியை ஓரமாக வையுங்கள் பச்சைஇலை சார். எமரால்டு சொன்ன தொலைப்பு மென்பொருள் வரைக்கும் போகவே இல்லை, வழியிலேயே நடந்தது. யுடிபி ஃபயர்வாலோடு எந்த மென்பொருளை வாங்கிப் போட்டாலும் அதே இடைவெளி வரும்.

ஒப்பிட வேண்டியது எப்படிக் காசு வாங்குகிறார்கள் என்பதைத்தான். ஸ்பிளங்க் இலவச உரிமம் நாளுக்கு 500 எம்பிதான், அலர்ட்டும் கிடையாது, பயனர் லாகின் கட்டுப்பாடும் கிடையாது. உங்களுக்கு நாளுக்கு 1 ஜிபி, அது ஒத்து வராது. சென்டினல் ஜிபி கணக்கில் கட்டணம். யாரோ ஃபயர்வாலில் டிபக் லாக்கை ஆன் செய்து மறந்தால் பில் ஏறும். மெயிலும் லாகினும் எல்லாம் மைக்ரோசாஃப்ட் கிளவுடில்தான் என்றால் அது பொருத்தம், உங்களுக்கு அப்படித் தெரியவில்லை. மேனேஜ்என்ஜின் ஈவென்ட்லாக் அனலைசர் லாக் அனுப்பும் கருவிகளின் எண்ணிக்கைக்குக் கட்டணம், அளவுக்கு இல்லை. இலவசப் பதிப்பு 5 கருவி வரை. ஆள் ஒருவரே என்றால் ரெடிமேட் ரிப்போர்ட்டுக்காக அதைப் பரிசீலிக்கலாம் என்பது என் கருத்து.

கிரேலாக் ஓப்பன் பதிப்பில் தேடல் அருமை. லைன் போவதல்ல, பின்னால் உள்ள இன்டெக்ஸர் நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் அதில் பதில் உண்டு: ஜர்னல் என்று டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். இயல்பாக 5 ஜிபி அல்லது 12 மணி நேரம், எது முந்துகிறதோ அதுவரை. சனி இரவு நின்றதைத் திங்கள் காலை பார்த்தால் போச்சு, அந்த 12-ஐ 72 ஆக்க வேண்டும். பழைய சர்வரில் போடுவதாக இருந்தால் ப்ராசஸரில் ஏவிஎக்ஸ் (ஒரு கட்டளைத் தொகுப்பு) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிரேலாக்குக்கு மோங்கோடிபி டேட்டாபேஸ் வேண்டும், அது 5-ஆம் பதிப்பிலிருந்து ஏவிஎக்ஸ் இல்லாமல் ஓடாது. கணினிக்குள் கோப்பு மாற்றத்தைக் கண்காணிப்பது, பலவீனமான மென்பொருள் பட்டியல் இவையெல்லாம் வாஸூவின் ஏஜென்டோடு சேர்ந்தே வருகின்றன. கிரேலாக்கில் அவற்றைத் தனியே சேர்க்க வேண்டும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி லாக் 180 நாள் இருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கருவிகளின் நேரம் நிக் (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) டைம் சர்வரோடு ஒத்திருக்க வேண்டும். கம்பெனிகளுக்கும் இது உண்டு. வாஸூ இயல்பில் விதியில் சிக்கிய பதிவுகளை மட்டுமே வைக்கும், மற்றதை விட்டுவிடும். ஆர்க்கைவ் ஆனாக இல்லாமல் '180 நாள் லாக் இருக்கிறது' என்று கையெழுத்துப் போடக் கூடாது. பச்சைஇலை ஆன் செய்து வைத்தது சரியான காரியம்.

கேத்தி வயர்

பூம்பாறை அண்ணா, ரிப்போர்ட் விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஒரே ஆள் இருக்கும் இடத்தில் நூறு ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்கப் போவதில்லை. மெயிலில் வர வேண்டிய விண்டோஸ் ஈவென்ட் எண்கள் ஐந்தாறு போதும்: 1102 (லாக்கை அழித்தது), 4720 (புதுப் பயனர்), 4732 (அட்மின் குழுவில் சேர்த்தது), 7045 (புது சர்வீஸ்), அடுத்தடுத்து 4625 வந்து பின்னாலேயே ஒரு 4624 டைப் 10, அதாவது பல முறை தவறிய ரிமோட் லாகின் கடைசியில் உள்ளே போனது. இவற்றோடு, 'இந்தக் கருவியிலிருந்து 30 நிமிடமாக ஒன்றும் வரவில்லை' என்ற அலர்ட். தேவாலா ஃபயர்வாலுக்கு அது இருந்திருந்தால் அன்றிரவே தெரிந்திருக்கும். வாஸூ மெயில் அனுப்பும் அலர்ட் நிலை (தீவிரத்தின் அளவு) இயல்பில் 12. இவற்றில் பல அதற்குக் கீழே விழும், மெயிலே வராது. நிலையைக் குறைத்தால் மெயில் குவியும். அதனால் இந்த விதிகளை மட்டும் தனியே 12-க்கு உயர்த்துங்கள்.

சர்வருக்கு 16 ஜிபி ரேமும் 500 ஜிபி எஸ்எஸ்டியும் போடுங்கள். கட்டணம் கட்டுவதற்கு முன் இந்தச் செலவு.

பச்சைஇலை (குன்னூர்)

அனைவருக்கும் மிக்க நன்றி. டிஸ்க் 96 சதவீதம். பழைய ஆர்க்கைவ் இன்டெக்ஸ் அழித்ததும் 41-க்கு வந்தது, அலர்ட் ஓடுகிறது. வராத கணினிகள் அத்தனையும் அன்று மாலை ஆஃப் செய்தவையே, எமரால்டு சொன்னபடி. தேவாலாவில் மினி பிசி வைத்தாயிற்று. ஃபயர்வால் லாக் இப்போது வருகிறது, ஆனால் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்னால் காட்டுகிறது. இன்னும் நடக்காத நேரத்து அலர்ட்.

எமரால்டு

பழைய சிஸ்லாக் வடிவத்தில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. ஃபயர்வால் இந்திய நேரத்தில் எழுதுவதை வாங்கும் நிரல் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்கிறது, அந்த வித்தியாசம் 5.30. மினி பிசியின் டைம்சோன் கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள், யுடிசியில் விட்டிருப்பீர்கள். அனுப்பும் வடிவத்தையும் மண்டலத்தோடு கூடிய புது வடிவத்துக்கு மாற்றுங்கள்.

மாற்றியபின் கேபிளைப் பிடுங்கிச் சோதியுங்கள். ஃபேக்டரிக் கணினி ஒன்றிலிருந்து 1 முதல் 1000 வரை எண்ணிட்ட வரிகளை மினி பிசிக்கு அனுப்புங்கள். 300 வரி போனதும் வெளி லைனைக் கழற்றி, மீதி போய் முடிந்தபின் மாட்டி, குன்னூரில் எத்தனை வந்தது என்று எண்ணுங்கள்.

பச்சைஇலை (குன்னூர்)

டைம்சோன்தான், சரியாகிவிட்டது. சோதனையில் 993 வந்தது. க்யூ வேலை செய்கிறது, ஆனால் 301 முதல் 307 வரை இல்லை.

எமரால்டு

கழற்றிய கணத்தில் டிசிபி பஃபரில் இருந்தவை அந்த ஏழு. அனுப்பியாயிற்று என்று ஆர்சிஸ்லாக் நினைத்துக்கொண்டது, மறுமுனை வாங்கவில்லை. சாதா டிசிபியில் இது தவிர்க்க முடியாதது. இரு பக்கமும் ரெல்ப் மாட்யூல் போட்டு அதற்கு மாறுங்கள், வாங்கியதாக மறுமுனை ஒப்புக்கொள்ளும்வரை இந்தப் பக்கம் வரியை அழிக்காது. க்யூ வகையையும் முழு டிஸ்க் ஆக்குங்கள். மெமரியும் டிஸ்க்கும் கலந்த வகையில் திடீர் மின்வெட்டு வந்தால் மெமரியில் இருந்தது போகும். நொடிக்கு 8 பதிவுக்கு முழு டிஸ்க் ஒரு சுமையே இல்லை.

பச்சைஇலை (குன்னூர்)

ரெல்ப், முழு டிஸ்க் க்யூ இரண்டும் போட்டு மறுபடி சோதித்தோம். நடுவில் மினி பிசியின் பவரையும் ஒருமுறை பிடுங்கினோம், அது எழுந்து வந்தபின்தான் அடுத்த வரிகளை அனுப்பினோம். 1002 வரி வந்தது. 1000-மும் இருக்கிறது, 2 வரி இரட்டை.

எமரால்டு

இரட்டை வருவது ரெல்ப்பின் இயல்பு. ஒப்புதல் வருமுன் லைன் போனால் மறுபடி அனுப்பும். அப்படியே விடுங்கள். கோத்தகிரிக்கும் இதே அமைப்பைப் போட்டுவிட்டுச் சோதனையை அங்கேயும் ஒருமுறை ஓட்டுங்கள்.