புதுப்பிப்பு: பயோடேட்டாவில் தொலைநோக்கி விஷயத்தை மறைக்கலாமா?

வீட்டில் சொன்னபடி கல்யாண பயோடேட்டாவில் 'சமையல், பாட்டு' மட்டும் போட்டு, தொலைநோக்கி செய்வதை மறைக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "வானியல் ஆர்வம்னு பொதுவா எழுதாதீங்க, செஞ்சதை எழுதுங்க" என்ற யோசனை. இப்போது இருப்பது: 'தொலைநோக்கிக்கான 150 மி.மீ. கண்ணாடியை (ஆடி) நானே தேய்த்தேன், குவியத் தூரம் 1200 மி.மீ. 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் 48 மடங்கு பெரிதாகும். சனியின் வளையம் தெரியும்.' வரன்கள் குறைந்தன. ஆனால் வருகிறவர்கள் கேள்வி கேட்கிறார்கள். ஒருவர், ஃபூக்கோ சோதனையில் (தேய்த்த ஆடியின் வடிவம் சரியா என்று பார்ப்பது) விளிம்பு மடிந்திருந்ததா என்றே கேட்டார்! அவரோடு பேச்சு தொடர்கிறது.

இதில் எதிர்பாராமல் கற்றது: தொலைநோக்கியில் நிலா பார்க்க யாரையும் பௌர்ணமியில் கூப்பிடாதீர்கள், நிழலில்லாமல் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமி வாக்கில்தான் பள்ளங்களின் நிழல் நன்றாக விழும்.