மணிக்குக் குணச் சான்று யார் தருவார்கள்?

பக்கவாதம் வந்த அப்பா இரண்டு மாதமாகக் கிருஷ்ணகிரியில் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருக்கிறார். வலது கை விரல்கள் மடங்கியே கிடக்கின்றன. எங்கள் லாப்ரடார் நாய் மணியை வாசலுக்குக் கூட்டிவந்த அன்று மட்டும், அதன் காதைத் தடவ அந்த விரல்கள் மெல்ல விரிந்தன. வாரம் ஒருமுறை உள்ளே அழைத்துவர அனுமதி கேட்டோம். அது சாதுவானது, யாரையும் கடிக்காது என்று குணச் சான்று வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான், மற்ற நோயாளிகளும் இருக்கிறார்களே.

மணிக்கு நான்கு வயது. வெறிநோய், எலிக்காய்ச்சல் தடுப்பூசிகள், குடற்புழு மருந்து எல்லாம் அட்டையில் பதிவாகியிருக்கின்றன. கால்நடை மருத்துவர் உடல்நலச் சான்று மட்டும் தந்தார். ஓசூரில் கேட்ட இரண்டு பயிற்சியாளர்களும் காவல் நாய்களைத்தான் பழக்குகிறார்களாம். (மணி திருடனுக்கும் வாலாட்டும்.) சக்கர நாற்காலிக்கு அஞ்சாது, வழுக்கும் டைல்ஸ் தரையில் மட்டும் தயங்கி நிற்கிறது.

ஓசூரிலோ பெங்களூரிலோ சிகிச்சை நாயாக (நோயாளிகளிடம் அழைத்துச் செல்லத் தகுந்த நாயாக) மதிப்பிட்டு எழுத்தில் சான்று தருபவர் யார்?