ஸ்டோமா (கழிவு வெளியேற வயிற்றில் அமைக்கும் திறப்பு) அமையும் இடத்தை அறுவைக்கு முன் எவ்வாறு முடிவு செய்கிறார்கள்?

கேள்வி:
மலக்குடல் புற்றுநோய்க்காக என் தந்தைக்கு விரைவில் அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. நிரந்தரக் கொலாஸ்டமி (பெருங்குடலை வயிற்றுத் தோலுக்குக் கொண்டுவந்து அமைக்கும் ஸ்டோமா) தேவைப்படும் என்று மருத்துவர் கூறியுள்ளார். அவருக்கு வயிறு சற்றுப் பருத்தது, பழைய அறுவைத் தழும்பும் உண்டு. இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
நான் ஸ்டோமா செவிலியர். படுத்திருக்கும் நிலையில் மட்டும் பார்த்துக் குறிப்பது போதாது. உட்கார்ந்து, நின்று, குனியும்போதுதான் தோல் மடிப்புகள் எங்கே விழுகின்றன என்பது தெரியும். தழும்பு, தொப்புள், இடுப்பெலும்பு, பெல்ட் அணியும் கோடு ஆகியவற்றிலிருந்து விலகி, மலம் சேரும் பை நன்றாக ஒட்டக்கூடிய சமமான தோற்பரப்பில், வயிற்றின் முன்புறம் செங்குத்தாக ஓடும் நேர்த்தசைக்கு உட்பட்டுக் குறிப்போம். கொலாஸ்டமி பெரும்பாலும் இடப்பக்கக் கீழ்வயிற்றில் அமையும் என்றாலும், பருத்த வயிறுள்ளவர்களுக்குச் சற்று மேலே அமைப்பதே நல்லது. தன் கண்ணுக்குத் தெரியாத ஸ்டோமாவை ஒருவர் தாமே பராமரிப்பது மிகக் கடினம்.

பதில் 2:
கொலாஸ்டமியுடன் வாழ்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: குறிக்கும் நாளில் வழக்கமான உடையிலேயே அவர் செல்லட்டும். தம் வேலை, தொழுகை, உடற்பயிற்சி பற்றி அவரே வாய்திறந்து பேசுவது மிகவும் முக்கியம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. குறித்த இடத்திலேயே உறுதியாக அமைப்பார்களா?

பதில் 1:
அவ்வாறு உறுதி கூற இயலாது. குடல் அந்த இடம்வரை இழுவிசையின்றி எட்ட வேண்டும் என்பதால், இறுதி முடிவு அறுவை மருத்துவருடையது. அதனால்தான் மாற்றிடம் ஒன்றையும் சேர்த்துக் குறிக்கிறோம். அதைத் தயங்காமல் கேளுங்கள்.