கிரேக்கத் தீவுகள்: கப்பல், காற்று, கடைசி இரவு

கடல்காக்கை:
கிரீஸ் திட்டம் போடுறவங்கள்ல பாதிப் பேரு கோர்ஃபு, சான்டோரினி, ரோட்ஸ்னு மூணையும் ஒரே வாரத்துல எழுதி வெச்சுடறாங்க. மூணும் மூணு மூலை. கோர்ஃபு மேற்கே அயோனியன் கடல்ல இருக்கு, சான்டோரினி ஏஜியன்ல இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல கப்பல் போக்குவரத்தே கிடையாது. கோர்ஃபுவுக்குக் கப்பல் இகுமெனிட்சாவுல இருந்து, ஜகிந்தோஸுக்குக் கில்லினியில இருந்து, ஸ்கியாதோஸுக்கு வோலோஸ்ல இருந்து. ஏதென்ஸ் பக்கத்துல இருக்கிற பிரேயஸ் துறைமுகத்துல போய் நின்னா இதுல எதுவும் கிடைக்காது.

அதனால ஒரு தீவுக்கூட்டத்தை மட்டும் பிடிங்க. முதல் தடவைன்னா சைக்லடீஸ்தான் சுலபம்: பாரோஸ், நக்சோஸ், சான்டோரினி மூணும் ஒரே கப்பல் தடம். பிரேயஸ்ல இருந்து பெரிய கப்பல்ல பாரோஸுக்கு 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, நக்சோஸுக்கு 5 தாண்டும், சான்டோரினிக்கு 8 வரை ஆகும். தூரமானதை முதல்ல முடிச்சுட்டு ஏதென்ஸை நோக்கி நெருங்கி வாங்க. சான்டோரினிக்கு விமானத்துல போயிட்டு, திரும்பக் கப்பல்ல தீவு தீவா வர்றது நல்ல வரிசை. ஒரு தீவுக்கு மூணு ராத்திரிக்குக் குறைஞ்சா பாதி விடுமுறை துறைமுகத்து வெயில்லயே போயிடும்.

டெக் பயணி:
வரிசையை ஏன் அப்படி வைக்கணும்னா, காற்று. ஜூலை, ஆகஸ்ட்ல ஏஜியன்ல வடக்கிலிருந்து மெல்டெமி வீசும். பால்கன் பக்கம் காற்றழுத்தம் கூடி, துருக்கிப் பக்கம் குறையறதால வர்ற காற்று இது. வெயில் பளிச்சுன்னு அடிக்கும், வானத்துல ஒரு பொட்டு மேகம் இருக்காது, ஆனா கப்பல் ஓடாது. விடுதிக்காரர்கிட்ட சண்டை போடுறவங்களைப் பார்த்தா பாவமா இருக்கும். மழை வந்தாத்தான் கப்பல் நிக்கும்னு நம்ம மனசுல பதிஞ்சிருக்கே!

வேகமாப் போற ரெட்டை உடல் கப்பல்களான கேட்டமரான்கள் முதல்ல நிக்கும், பெரிய கப்பல்கள் இன்னும் கொஞ்சம் தாங்கும். காற்றோட பலத்தைச் சொல்ற பியூஃபோர்ட் அளவு 8, 9னு ஏறினா துறைமுக அதிகாரிகளே தடை போட்டுடுவாங்க. அப்போ ஐரோப்பிய விதிப்படி காசைத் திருப்பி வாங்கலாம், இல்லைன்னா அடுத்த கப்பல்ல இடம் கேக்கலாம். ஆனா வானிலைதான் காரணம்னா ராத்திரி தங்குற செலவு உங்களோடது. கம்பெனி அதைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை.

அதனால ஊர் திரும்பற விமானத்துக்கு முந்தின ராத்திரி ஏதென்ஸ்லதான் இருக்கணும். காலையில தீவுல கப்பல் ஏறி அன்னைக்கு ராத்திரி துபாய் விமானத்தைப் பிடிக்கிற திட்டத்தைக் கிழிச்சுப் போடுங்க.

பெரிய கப்பலா, கேட்டமரானான்னு கேட்டா, என் ஓட்டு பெரிய கப்பலுக்கு. டிக்கெட் விலை குறைவு, வெளியே தளத்துல நிக்கலாம், ஆட்டம் குறைவு. கேட்டமரான்ல பெரும்பாலும் உள்ளேயே அடைஞ்சு உக்காரணும். அலை இருக்கிற அன்னைக்கு வாந்திப் பை கைக்குக் கை போகும். மாத்திரையை ஏறுறதுக்கு அரை மணி முன்னாடி போடுங்க. ஆட ஆரம்பிச்ச பிறகு போட்டா அது வயித்துல நிக்காது.

புதுசு:
பிரேயஸ்ல எந்த வாசல்னு எப்படித் தெரியும்? சின்னப் பிள்ளைங்களோட போறோம்.

டெக் பயணி:
வாசல்களுக்கு ஈ1, ஈ2ன்னு எண் உண்டு. உங்க வாசல் எதுன்னு முந்தின நாள் கப்பல் கம்பெனி இணையதளத்துல பாருங்க. சைக்லடீஸ் கப்பல்கள் பல, மெட்ரோ நிலையத்துக்கு எதிர்ல இருக்கிற ஈ6, ஈ7 பக்கம். ரோட்ஸ், கோஸ் போற கப்பல் ஈ1. அது துறைமுகத்தோட அந்தக் கோடி, பெட்டியும் பிள்ளையுமா நடந்தா அரை மணிக்கு மேல ஆகும், டாக்சி பிடிங்க. விமான நிலையத்துல இருந்து மெட்ரோ 3ஆம் தடம் 2022 முதல் நேரா பிரேயஸ் வருது, ஒரு மணி நேரம். ராத்திரி வந்து இறங்கினா எக்ஸ்96 பேருந்து விடிய விடிய ஓடும். மெட்ரோவுல பர்ஸ் பத்திரம், முதுகுப் பையை முன்னாடி மாட்டுங்க. மைகோனோஸ், டினோஸுக்கு ரஃபீனா துறைமுகத்துல இருந்தும் கப்பல் உண்டு. விமான நிலையத்துக்கு அது பிரேயஸை விடக் கிட்ட.

இறங்குறதுலதான் கோட்டை விடுவாங்க. நடுத் தீவுகள்ல கப்பல் சில நிமிஷம்தான் நிக்கும். அறிவிப்பு வந்ததும் எழுந்து கீழே வண்டித் தளத்துக்குப் போயிடணும். அங்க இருட்டா இருக்கும், டீசல் புகை, லாரிச் சங்கிலிச் சத்தம். ஏறும்போது அந்தந்தத் தீவுப் பேர் போட்ட அடுக்குல பெட்டியை வெச்சிருப்பீங்க, அதை எடுத்துட்டுப் பின் கதவு முன்னாடி நில்லுங்க. கப்பல் கரையைத் தொடறதுக்கு முன்னாடியே கதவு இறங்க ஆரம்பிச்சிடும். பிள்ளைங்க கையை விடாதீங்க.

தயிர்வடை:
சைவச் சாப்பாட்டுக்காரங்களுக்கு: கிரீஸ் கஷ்டமே இல்லை. எண்ணெய்ல காய் வேகவெச்சுச் செய்யிற வகை எல்லா டவெர்னாவுலயும், அதாவது கிரேக்கச் சாப்பாட்டுக் கடையிலயும் இருக்கும். பச்சை பீன்ஸ் ஃபசொலாக்கியா, பெரிய வெள்ளை மொச்சை மாதிரி கிகாண்டெஸ், கத்திரிக்காய் உருளைக்கிழங்கு கலந்த பிரியாம், சான்டோரினியோட மஞ்சள் பருப்பு மசியல் ஃபாவா. சிஃப்னோஸ் போனா ஞாயித்துக்கிழமை ரெவிதாதா கேளுங்க, மண் சட்டியில ராத்திரி முழுக்க வெந்த கொண்டைக்கடலை.

ஒரு எச்சரிக்கை: விரதச் சாப்பாடுன்னு "நிஸ்டீசிமோ" கேட்டா இறைச்சி, பால், முட்டை இருக்காது. ஆனா அவங்க விரதத்துல இறாலும் கணவாயும் சாப்பிடலாம்! அதனால அதையும் வேண்டாம்னு தனியா சொல்லுங்க. ஜெமிஸ்டா, அதாவது அரிசி அடைச்ச தக்காளி, சில இடத்துல கொத்துக்கறியோட வரும்.

கடல்காக்கை:
விசா: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா வேணும். பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் தீர்ந்துடும். கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, காப்பீடு குறைஞ்சது 30,000 யூரோவுக்கு. இத்தாலியும் சேர்த்துப் போனா எந்த நாட்டுல அதிக ராத்திரியோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். விடுதி ராத்திரிக் கணக்கும் பயணத் திட்டமும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகணும், ஒரு ராத்திரி விட்டுப்போனாலும் கேள்வி வரும்.

வண்டி வாடகைக்கு ஆர்டிஓவுல வாங்கின சர்வதேச ஓட்டுநர் அனுமதி கட்டாயம் எடுத்துப் போங்க. கார் லைசென்ஸ் மட்டும் வெச்சுக்கிட்டு ஸ்கூட்டர் எடுக்காதீங்க. கடைக்காரர் கொடுத்தாலும் விழுந்து அடிபட்டா காப்பீடு கை விரிச்சிடும்.

தயிர்வடை:
பட்ஜெட்ல விடுதி வாடகையோட இதையும் போடுங்க: ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரை பருவநிலை மாற்றத்துக்காக வாங்குற கட்டணம், 2025 விகிதப்படி ஒரு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 3 நட்சத்திர விடுதின்னா 5 யூரோ, 4ன்னா 10, 5ன்னா 15. ஆன்லைன்ல காட்டுற விலையில பெரும்பாலும் இது இருக்காது, போய்ச் சேர்ந்ததும் தனியா கேப்பாங்க. ஆகஸ்ட் 15 மாதா திருநாள் வாரத்துல கிரேக்கர்களே தீவுகளுக்குக் கிளம்பிடுவாங்க, டினோஸ்ல அறையே கிடைக்காது. தேதி உங்க கையில இருந்தா செப்டம்பர் ரெண்டாம் வாரத்துக்குத் தள்ளுங்க. கடல் அப்பவும் வெதுவெதுன்னு இருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும்.