புதுப்பிப்பு: வேலை தேடலும் மே 1 கிராம சபையும்

பி.காம் இறுதியாண்டில் வேலை அமையாத கவலையையும், மனம் அரசியல் பக்கம் சாய்வதையும் பொங்கல் சமயத்தில் எழுதி, இரண்டில் எதைப் பிடிப்பது என்று கேட்டிருந்தேன். அதன் பிறகு நடந்தவை இவை.

வளாக நேர்காணலில் என்னைத் தேர்ந்தெடுத்த நிறுவனம் பணி ஆணையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதையும் நிறுத்திவிட்டது. இப்போது கும்பகோணத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். சம்பளம் பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகிறது. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கும் படித்து வருகிறேன்.

என்னை அரசியலுக்கு இழுத்தது மேடைப் பேச்சு அன்று, ஈரப்பதம் பார்க்கும் கருவி. மாசியில் சம்பா நெல்லோடு அப்பாவும் நானும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூன்று இரவுகள் காத்திருந்தோம். வரம்பு 17 சதவீதம். எங்கள் நெல் 19 காட்டியதால், தார்ப்பாயில் மறுபடி கொட்டிக் காலால் கிளறிக் காயவைத்தோம். வரம்பைத் தளர்த்துவது மத்திய அரசின் கையில் இருக்கிறது, உலர்களத்தையோ ஊராட்சி வழியாகவே கேட்கலாம் என்பது அங்கே காத்திருந்தபோதுதான் விளங்கியது.

ஆகவே மே 1 கிராம சபையில் உலர்களம் கேட்டு எழுந்து பேசினேன். கை நடுங்கியது. தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன். "வேலை கிடைக்காத பயல் அரசியல் பேசுறான்" என்றார் பின்னாலிருந்த பெரியப்பா ஒருவர், பாதி உண்மைதான்.

வார்டு உறுப்பினர் பதவிக்குப் போட்டியிட 21 வயது போதும், எனக்கு அது ஆகிவிட்டது. ஆனால் அரசு ஊழியர் கட்சியில் சேரவோ தேர்தலில் நிற்கவோ விதிகள் இடம் தருவதில்லை. அதனால் குரூப் 4 முடிவு தெரியும்வரை, கட்சி உறுப்பினர் படிவத்தை நிரப்பாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.