வால்வு பிரீஆம்ப் கிட்: இடது சேனலில் மட்டும் 50 ஹெர்ட்ஸ் ஹம் (ரீங்கார இரைச்சல்), வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் பூட்டிய பிரீஆம்ப் கிட்டில் சேனலுக்கு ஒன்றாக இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்), 250 வோல்ட் எச்டி (வால்வுகளுக்கான உயர் மின்னழுத்த சப்ளை). ஆனோடில் 100 கிலோ ஓம், கேதோடில் 1.5 கிலோ ஓம், அதன்மேல் 22 மைக்ரோஃபாரட்.

அளவுகள்: வலது ஆனோட் 158 வோல்ட், கேதோட் 1.38. இடது 155, 1.43. ஆக, பயாஸில் (வால்வின் இயக்கநிலை மின்னழுத்தத்தில்) கோளாறு இல்லை. வால்யூமைச் சுழியில் வைத்தாலும் இடதில் ஹம் அப்படியே இருக்கிறது. வால்வுகளை இடம் மாற்றினாலும் அது இடதை விட்டு நகரவில்லை. 100 ஹெர்ட்ஸ் இல்லை, சுத்தமான 50. எச்டியின் ஃபில்டர் கெபாசிட்டர் பழுதானால் 100 ஹெர்ட்ஸ்தான் வரும், அதனால் அதைச் சந்தேகிக்கவில்லை. ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) வயரைக் கழற்றினால், வால்வு ஆறுவதற்குள் ஹம் மட்டும் நின்றுவிடுகிறது; பாட்டு சில நொடி ஓடுகிறது. கேதோட் கெபாசிட்டர் செத்திருக்கலாம் என்று இன்னொரு 22 மைக்ரோஃபாரடை இணையாக வைத்துப் பார்த்தாயிற்று, மாற்றமில்லை.

ஹீட்டர் 6.3 வோல்ட் ஏசி, நடுமுனை இல்லை. இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக கிரவுண்ட். வயர் முறுக்கித்தான் போகிறது, ஆனால் இடது சாக்கெட்டில் 4, 5ஆம் பின்களை இணைக்கும் துண்டு 2ஆம் பின்னின் கிரிட் வயரை ஒட்டியே வளைகிறது.

முதலில் எதைச் செய்யலாம்? கிரிட் வயரை ஷீல்டு வயராக மாற்றுவதா, எச்டியை 220 கிலோ, 47 கிலோ ஓமால் பிரித்து ஹீட்டரை 44 வோல்ட்டுக்கு உயர்த்துவதா, ஹீட்டருக்கு ஏசிக்குப் பதில் டிசி கொடுப்பதா? டிசி என்றால் இரண்டுக்கும் 600 மில்லிஆம்ப். 6.3 ஏசியைத் திருத்தினால் சுமையில் 7 வோல்ட் சொச்சம்தான் மிஞ்சும், சாதாரண ரெகுலேட்டருக்கு அது போதாது. மின்னழுத்த இழப்பு குறைந்த ஷாட்கி டையோடு போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

(கை வைக்குமுன் எச்டியின் 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன்.)